பெரியப்பாவைத் தாண்டி

கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. உறையின் மேல் மாரிக்கனி, த/பெ பாண்டிச்செல்வம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஆனால் முகவரி அப்பாவின் பழைய முகவரி, சுந்தரபாண்டியம். அந்த வீட்டுக்கு வருகிற தபால் எல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கையில்தான் போய்ச் சேரும். கண்ணுச்சாமிப் பெரியப்பா உறையைப் பிரித்தார், படித்தார், நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள், ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்து நான் வெளியே வந்த நேரத்துக்கு போன் போட்டு, "ஏட்டி, நான் கடலுக்குள்ள போறேன்" என்றார்.

அறுபத்தொரு வயதில் மனிதருக்கு என்ன கஷ்டமோ, இப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாரே என்று பதறிப்போனேன். அப்புறம்தான் கடித விஷயத்தைச் சொன்னார்.

அப்பா கடற்படையில் இருந்தவர். அதில் பதினோரு வருடம் ஒரே கப்பலில், இன்ஜின் அறையில். அந்தக் கப்பலுக்கு வயதாகிவிட்டது. உடைத்துப் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெயையும் வயர்களையும் வழித்தெடுத்துவிட்டு, கிழக்குக் கரையில் ஓரிடத்தில் கடலடியில் இறக்கிவிட்டார்கள். மீன்களுக்கு அது செயற்கைப் பவளத்திட்டு. ஸ்கூபா உடுப்பு மாட்டிக்கொண்டு முக்குளிக்க வருகிறவர்களுக்கு அது சுற்றுலா. அந்தக் கப்பலில் வேலை பார்த்து இறந்துபோனவர்களின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியில் மாட்டலாம் என்று பழைய மாலுமிகள் சங்கம் முடிவு செய்திருந்தது. குடும்பத்துக்கு ஒரு தகடு. நான்கு பேர் வரை இறங்கலாம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்தத் தகட்டை என் கையால் மாட்ட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஏனென்றால் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க என்னை விடவில்லை. அவருக்கு நான் ஒரே பிள்ளை. அம்மா முன்னமே போய்விட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான், சளி துடைத்தவள் நான். கடைசியில் பெரியப்பா "கட்டிக்குடுத்த பிள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னார். தெரு முனையோடு பெண்கள் கூட்டத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். குடம் சுமந்து கொள்ளி வைத்தது அவர் மகன் தனுஷ். குடத்தைப் பிடிக்கத் தெரியாமல் காலில் போட்டுக்கொண்டு, நகம் பெயர்ந்து, ஒரு வாரம் நொண்டினான். அவன் நகத்துக்கு விசாரிக்க வந்த கூட்டம் எங்கப்பனுக்கு வரவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

இப்போது தகட்டுக்கும் அதே நியாயத்தைப் பேசினார் பெரியப்பா. கொள்ளி வைத்த கைதான் தகட்டையும் மாட்ட வேண்டுமாம். ஆனால் தனுஷ் சின்னப் பயல். ஆகவே வீட்டுக்குப் பெரியவர் தகட்டைக் கொண்டுபோவார், தனுஷ் பின்னாலிருந்து அவர் முழங்கையைத் தொட்டுக்கொள்வான். சாஸ்திரமும் கெடாது, சபையும் கெடாது.

"அப்ப நான் எதுக்குப் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நீயும் வா. யாரு வேணாங்கது? பின்னால வா" என்றார்.

பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் பரிவட்டம் முதலில் அவர் தலைக்கு. விபூதி முதலில் அவர் நெற்றிக்கு. கிடா வெட்டினால் தலைக்கறி அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் மற்றவர் வீட்டு அடுப்பு பற்றும். பந்தியில் அவர் இலையில் கை வைக்காமல் ஒரு பயல் அப்பளத்தை நொறுக்க முடியாது. நடந்து போகும்போதுகூட அவரை யாரும் முந்துவதில்லை. அவருக்கு மூட்டுவலி வந்ததிலிருந்து எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் மெதுவாக நடக்கிறது. கடலை அவர் அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தார். இரண்டு முறையும் திருச்செந்தூரில், முழங்கால் அளவு தண்ணீரில்.

அடுத்த வாரமே சுந்தரபாண்டியம் பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் எழும்பிவிட்டது. நீச்சல் கண்ணாடிக்குள் பெரியப்பா முகம், மீசையோடு. ஆழ்கடல் காணப் புறப்படும் அஞ்சா நெஞ்சமே என்று தலைப்பு. கீழே ஒரு திமிங்கிலம் அவரைக் கும்பிடுவது போலப் படம் போட்டிருந்தார்கள். கும்பிடுவதற்காக அதற்குக் கைகூட வரைந்திருந்தார்கள். எங்கப்பா வலது மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். அவர் செத்துப்போனதால்தான் இத்தனையும் என்பதே அந்தப் பிளெக்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நான்கு பேர் பட்டியல் தயாரானது. பெரியப்பா, அவருடைய மாப்பிள்ளை பாண்டிதுரை, தனுஷ், நான். பாண்டிதுரை போலீஸில் எஸ்.ஐ. ஊரில் அவரைப் பார்த்தால் ஆட்டோக்கள் ஓரம் கட்டும். மாமனார் முன்னால் மட்டும் அவர் உட்காரக்கூட மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கப் போனபோது, நாற்காலி காலியாகக் கிடக்க, முக்கால் மணி நேரம் மனிதர் சுவரில் சாய்ந்து நின்றார். சான்று கிடைத்ததும் ஆண்டாள் சந்நிதியில் ஓர் அர்ச்சனை, வெளியே வந்து இரண்டு கிலோ பால்கோவா. பால்கோவா எதற்கு என்று கேட்டதற்கு, கடலில் யாராவது தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றார் பெரியப்பா.

ஒருவர் இருக்கவும் இருந்தார். எங்களுக்கு ஸ்கூபா கற்றுத்தர வந்த ஹயக்ரீவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவருடைய அப்பா ஆண்டாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். பிள்ளை இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய், ஆட்களைத் தண்ணீருக்குள் அழைத்துப்போவதைத் தொழிலாக்கிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜுக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. பெரியப்பாவுக்குப் பரம சந்தோஷம். ஆண்டாள் ஊர்ச் சாமி கையால் கற்றுக்கொள்வதாக ஊரெல்லாம் சொன்னார். குளத்தில் இறங்கும்முன் அவரைக் கும்பிட்டார். அவர் சொன்னதில் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லை.

ஹயக்ரீவன் சொன்னது அதிகமில்லை. வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு நிதானமாக மூச்சு விட வேண்டும். மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. கீழே இறங்க இறங்கக் காது அடைக்கும். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் திறக்கும். திறக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் காத்திருக்கத் தேவையில்லை, அவரவர் வேகத்தில் தாண்டிப் போகலாம்.

"பெரியவுக நிக்கையில தாண்டிப் போறதா? நம்மகிட்ட அப்படியொரு பழக்கமே இல்ல சாமி" என்றார் பெரியப்பா. பாண்டிதுரையும் தனுஷும் தலையை ஆட்டினார்கள். ஹயக்ரீவன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அவர் சிரிக்காமல் அன்றைக்கே ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். சாமி என்று கும்பிடுகிறவரை அதட்ட யாருக்கு வாய் வரும்?

மீசை ஒரு தனிப் பஞ்சாயத்து. கண்ணாடியின் ரப்பர் மூக்குக்குக் கீழே ஒட்ட வேண்டும். பெரியப்பாவின் மீசை ஒட்டவிடவில்லை. தண்ணீர் உள்ளே வந்தது. ஓர் அங்குலம் கத்தரித்தால் போதும் என்றார் ஹயக்ரீவன். பாண்டிதுரை உடனே திரும்பி நின்றுகொண்டார், மாமனாரை யாரோ கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டது போல. கடைசியில் அரை டப்பா வாஸ்லின் செலவானது. மீசை பிழைத்தது.

எனக்குப் பயிற்சி லேசாக வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் மில்லில் நூற்பு மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பன்னிரண்டு வருடமாக நான் கையால்தான் பேசுகிறேன். நூல் அறுந்தது, நூல் சுற்றுகிற பாபினை மாற்று, சூப்பர்வைசர் வருகிறார், சாப்பிடப் போகலாமா, எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது. ஹயக்ரீவன் காட்டிய சைகைகள் அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிட்டன. பெரியப்பாவுக்குத்தான் தண்ணீருக்குள் திண்டாட்டம். அவருடைய அதிகாரம் முழுக்கத் தொண்டையில் இருக்கிறது. குழாயைக் கவ்விய வாயால் ஏலே என்று கூப்பிட முடியாது. குளத்தடியில் உட்கார்ந்து அவர் தனுஷை முறைத்த முறைப்பு இருக்கிறதே, கண்ணாடிக்குள் அது பாவமாகத்தான் தெரிந்தது.

அந்த நாள் வந்தது. காலையில் வயிற்றுக்கு லேசாக ஏதாவது சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆண்கள் எண்ணெய்ப் பரோட்டா தின்றார்கள். நான் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். படகில் சங்கத்துக்காரர் ஒருவர் ஒரு சின்னத் துணிப்பையைப் பிரித்துத் தகட்டை எடுத்தார். உள்ளங்கை அளவுதான். அப்பாவின் பெயர், பணி எண், அந்தப் பதினோரு வருடங்கள். இரண்டு முனையிலும் மாட்டுவதற்குக் கொக்கி. அவர் பையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து "மாரிக்கனி யாரு?" என்று கேட்டார். நான் எழுந்தேன். பெரியப்பா எனக்கு முன்னால் கையை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் பிடுங்கவா முடியும்? உட்கார்ந்துவிட்டேன்.

தகட்டை இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார் ஹயக்ரீவன். தம்பி பெயரை இடுப்புக்குக் கீழே வைப்பதா என்று பெரியப்பா மறுத்துவிட்டார். வலது கையில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அப்படியே இறங்கினோம்.

மிதவையிலிருந்து கப்பல் வரைக்கும் ஒரு கயிறு போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். பதினோரு மீட்டரில் மேல்தளம். முதலில் பெரியப்பா, அவர் பக்கத்திலேயே ஹயக்ரீவன். அடுத்து பாண்டிதுரை. அடுத்து தனுஷ். கடைசியில் நானும், எனக்குத் துணையாக ஹயக்ரீவனின் உதவியாள் ஒருவரும். இரண்டு ஆள் உயரம் போயிருப்போம். பெரியப்பா நின்றார்.

காது அடைத்துவிட்டது. மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். இடது கை கயிற்றில், விட்டால் போய்விடுவோம் என்ற பயம். வலது கையில் தகடு, விட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம். மூக்கைப் பிடிக்க மூன்றாவது கைக்கு அவர் எங்கே போவார்? ஹயக்ரீவன் தகட்டைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். பெரியப்பா இன்னும் இறுக்கிக்கொண்டார். அவருடைய மூக்கைத் தானே பிடிக்கப் பார்த்தார் ஹயக்ரீவன். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மூக்கை வேறொருவர் தொடுவதா?

பெரியவர் நின்றதும் மாப்பிள்ளை நின்றார். மாப்பிள்ளை நின்றதும் மைத்துனன் நின்றான். கீழே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. எட்டு மீட்டருக்குக் கீழே அப்பாவின் கப்பல் முழு நீளத்துக்குத் தெரிந்தது. இவர்கள் மூன்று பேரும் சொசைட்டிக் கடையில் சர்க்கரைக்கு நிற்பது போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். ஹயக்ரீவன் பாண்டிதுரையைப் பார்த்து நீங்கள் போங்கள் என்று கை காட்டினார். பாண்டிதுரை மாமனாரைக் காட்டினார். ஹயக்ரீவன் தனுஷைப் பார்த்துக் கை காட்டினார். தனுஷ் பாண்டிதுரையைக் காட்டினான். முதல் தடவை இறங்குகிறவர்கள் பயத்தில் காற்றை அள்ளி அள்ளிக் குடிப்பார்கள். உதவியாள் தனுஷின் காற்று மீட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். பாதிக்கு வந்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் போனால் எல்லாரையும் மேலே அழைத்துப் போய்விடுவார்கள். அடுத்த குடும்பம் வேறு படகில் காத்திருந்தது. இன்றைக்கு விட்டால் எனக்கு இன்னொரு நாள் கிடையாது.

அப்பாவைத் தூக்கிப் போன அன்றைக்குத் தெரு முனையிலும் இப்படித்தான் நின்றேன். பின்னால், ஒன்றும் பேசாமல், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. கயிற்றை விட்டேன்.

தனுஷைத் தாண்டினேன். அவன் கண்ணாடிக்குள் கண் பெரிதானது. பாண்டிதுரையைத் தாண்டினேன். அவர் போலீஸ்காரர் பாணியில் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார். பெரியப்பாவுக்கு நேராக வந்து நின்று கையை நீட்டினேன். கொடு. மில்லில் நாங்கள் பாபினுக்குக் கை நீட்டுவதும் அப்படித்தான்.

பெரியப்பா என்னைத் திட்டினார். அதாவது, திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அறுபத்தொரு வருடப் பழக்கம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஏட்டி என்பதற்குள் குழாய் கழன்றுவிட்டது, ஒரு கூடை குமிழி கிளம்பியது, கடல் உள்ளே போய்விட்டது. ஹயக்ரீவன் நொடியில் குழாயை வாயில் திணித்துவிட்டார். ஆனால் அதற்குள் பெரியப்பாவின் இரண்டு கையும் வாய்க்குப் போயிருந்தன. தகடு மினுங்கிக்கொண்டே கீழே இறங்கியது. இரண்டு உதைப்பு உதைத்து அதைப் பிடித்தேன். அண்ணாந்து பார்த்தேன். பெரியப்பாவை அணைத்துப் பிடித்தபடி ஹயக்ரீவன் மெல்ல மேலே போனார். நன்றாக இருக்கிறார் என்று எனக்குச் சைகை காட்டினார். பெரியவர் ஏறினால் அப்புறம் கேட்க வேண்டுமா? மாப்பிள்ளையும் ஏறினார். மகனும் ஏறினான். அதே வரிசையில்.

நானும் உதவியாளும் இறங்கினோம். காதை ஊதி ஊதித் திறந்துகொண்டேன்.

கப்பல் நான் நினைத்ததைவிடப் பெரிது. இரும்பு தெரியவில்லை. சிப்பியும் பாசியும் பஞ்சு பஞ்சாக ஏதேதோவும் மூடியிருந்தன. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. ஒரு வாசலில் பெரிய களவா மீன் ஒன்று குறுக்கே நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. எங்கள் சொந்தக்காரர்களைவிட மரியாதையாகவே பார்த்தது. தளத்தின் நடுவில் இன்ஜின் அறைக்கு இறங்கும் வழி இருந்தது. யாரும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளாமலிருக்கக் கம்பி வலை அடித்திருந்தார்கள். வலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். இருட்டு. அந்த அறையின் சூட்டைப் பற்றி அப்பா சொல்லியிருக்கிறார். ஷிப்ட் முடிந்து பனியனைப் பிழிந்தால் செம்பு நிறையுமாம். தோலெல்லாம் வேர்க்குரு. அந்தக் காசில்தான் நான் படித்தேன். வலைக்குள் கையை விட்டேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. நான் அழுதேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பதை ஹயக்ரீவன் சொல்லித் தரவில்லை.

கைப்பிடிக் கம்பியில் ஏற்கெனவே ஏழெட்டுத் தகடுகள் இருந்தன. பக்கத்தில் எங்கப்பாவை மாட்டினேன். இரண்டு கொக்கியையும் நானே அழுத்தினேன். ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது. உதவியாள் தள்ளி நின்று தலையைக் குனிந்துகொண்டார். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

படகில் ஏறியபோது பெரியப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, காதுக்குச் சேதம் ஒன்றும் இல்லை என்றார் ஹயக்ரீவன். பிழைத்து வந்ததைப் பற்றி மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை.

"எங்கள எல்லாம் தாண்டிப் போயிட்டயே" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். தொண்டை திரும்பக் கிடைத்துவிட்டது அல்லவா? "பொம்பளப் பிள்ள மாட்டுனது சேராது. இன்னொருக்க எறங்கி, அதக் கழத்தி, தனுஷு கையால மாட்டணும். அதான் மொற."

ஹயக்ரீவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"சரி பெரியப்பா. பதினோரு மீட்டர்லதான் தொங்குது. யாரு மொதல்ல எறங்குறீக?"

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தனுஷைப் பார்த்தார். தனுஷ் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு, காலையில் தின்ற பரோட்டாவை மீன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வரிசையில் ஆள் இல்லை. படகுக்காரர் மோட்டாரைக் கிளப்பினார்.

வேனில் ஊர் திரும்பும்போது பெரியப்பா முன் சீட்டில், பாண்டிதுரை நடுவில், நானும் தனுஷும் கடைசியில். சாத்தூர் தாண்டியிருந்தோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனுஷ் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். முகம் இன்னும் வெளுத்துத்தான் கிடந்தது.

"அக்கா, சித்தப்பா இருந்த எடம் எப்படிக்கா இருந்துச்சு?"

சொன்னேன். மஞ்சள் மீன்களைச் சொன்னேன், வாசலில் நின்ற களவாவைச் சொன்னேன், தகட்டுக்குப் பக்கத்தில் யார் யார் பெயர் இருந்தது என்று சொன்னேன். இன்ஜின் அறையைப் பற்றிச் சொல்ல வந்தபோது பாட்டு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பெரியப்பா டிரைவரிடம் அணைக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே, முதலில் ஒரு காதிலிருந்தும் பிறகு இன்னொரு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேட்க வேண்டுமானால் அவரும் பின்னால் வரட்டும் என்று நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.